குன்றின் மேல் தனியே நிற்கும் மணிக்கூண்டு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. டாக்டர் சொன்ன நாள் வரை சொட்டு மருந்தை விடாமல் போடு, வெயிலில் கண்ணாடி இல்லாமல் இறங்காதே.

மே மாதம் எடின்பரோவில் மகள் வீட்டுக்குப் போகும்போது ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் கேத்னெஸ் வரை போய் வரலாம் என்று எழுதியிருக்கிறாய். கட்டாயம் போ. அங்கே இருக்கும் லாதரன் என்ற ஊரின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: சர்ச் கீழே கடற்பக்கம் இருக்க, மணிக்கூண்டை மட்டும் ஏன் குன்றின் மேல் தனியாகக் கட்டினார்கள்? பொதுப்பணித் துறையில் இருந்தவன் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சர்ச்சில் இல்லை. சுற்றியிருக்கும் வீடுகள் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றன என்று பார்த்தால் கிடைத்துவிடும்.

லாதரன் ஒரு சின்னக் குக்கிராமம். தெற்கிலிருந்து கடலோரமாக வரும் ஏ-9 சாலை அங்கே திரும்பி உள்நாட்டு வழியாக தர்சோவுக்குப் போகிறது. நேரே போகும் கிளை ஏ-99 என்ற பெயரில் விக் நகரத்துக்குப் போகிறது. சாலைக்குக் கீழே, கடலை நோக்கிய சரிவில் 1734-இல் கட்டிய பழைய பங்குக் கோயில் இருக்கிறது. இப்போது அது கன் குலத்தாரின் அருங்காட்சியகம். சாலைக்கு மேலே, குன்றின் மேல், கல்லால் கட்டிய சின்னச் சதுரக் கூண்டு. அதுதான் நீ பார்த்தது.

இந்தப் பங்கின், அதாவது ஒரே சர்ச்சைச் சேர்ந்த ஊர்களின், எல்லை மிகப் பெரியது. தெற்கே ஆர்டு மலைமுனையில் தொடங்கி, பெரிடேல், டன்பீத், லாதரன்வீல், லைப்ஸ்டர் என்று கடலோரமாகவே நீண்டுகொண்டு போகும். உள்ளே போகப்போகக் கரிச்சதுப்பு நிலம். ஜனங்கள் நம் ஊர் மாதிரி கோயிலைச் சுற்றித் தெருத்தெருவாகக் குடியிருக்கவில்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் நிலத்தின் மேல், அடுத்த வீட்டிலிருந்து எட்டி நின்றது. அங்கே கிராஃப்ட் என்று சொல்வது அந்த நிலத்தைத்தான். பலர் வீட்டைக் கிராஃப்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. கிராஃப்ட் என்றால் ஒரு குடும்பம் குத்தகைக்கு வைத்திருக்கும் சிறு துண்டு நிலம்; பெரும்பாலும் ஐந்தாறு ஏக்கரிலிருந்து பத்துப் பதினைந்து ஏக்கருக்குள். அதோடு மலைப்பக்கம் பொது மேய்ச்சலில் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவே ஊர் முழுவதற்கும் பொதுவாக ஒரு நீண்ட கல்வேலி ஓடும். வேலிக்குக் கீழே ஓட்ஸ், பேர் என்ற பழைய வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, டர்னிப், வைக்கோல் புல். வேலிக்கு மேலே ஆடும் மாடும்.

மேய்ச்சல் பங்கை ஏக்கரில் அளப்பதில்லை, கால்நடைக் கணக்கில்தான் அளப்பார்கள். உதாரணத்துக்கு, ஒரு பசுவுக்கு ஐந்து ஆடு, ஒரு குதிரைக்கு இரண்டு பசு என்று ஈடு வைத்துக்கொள்வது. இந்த ஈடு ஊருக்கு ஊர் மாறும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பங்குதாரர்கள் கூடி ஒரு மேய்ச்சல் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு ஒரு எழுத்தர் உண்டு. யார் எத்தனை ஆடு விட்டார்கள், வேலியில் எந்த இடம் சரிந்தது, கடா எப்போது விடுவது எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். கடாவை நவம்பர் கடைசியில் விட்டால் ஏறக்குறைய 147 நாளில், ஏப்ரல் பின்பாதியில், குட்டி விழும். புல் தளிர்க்கும் நேரமும் அதுதான். ஒரு ஆள் முந்திக்கொண்டு கடாவை அவிழ்த்துவிட்டால் ஊர் ஆடு முழுக்கப் புல்லில்லாத மார்ச்சில் குட்டி போட்டுச் சாகும். அதனால்தான் தேதியில் அவ்வளவு கண்டிப்பு.

இப்போது மணிக்கு வருகிறேன். இப்படிச் சிதறிக் கிடக்கும் ஜனங்களுக்குக் கைக்கடிகாரம் இல்லாத காலம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். சர்ச்சோ பள்ளத்தில். அங்கேயே மணியைத் தொங்கவிட்டால் சரிவே சத்தத்தை மறைத்துவிடும். காற்றும் ஒரு காரணம். தரையோரம் மெதுவாக வீசும் காற்று உயரே போகப்போக வேகமெடுக்கும். அதனால் காற்றுக்கு எதிராகப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் நிற்கிறவன் தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையைத் தொடும். மணியை உயரத்தில் வைத்தால் எதிர்க்காற்றுப் பக்கமும் அந்தச் செவிட்டுப் பகுதி தள்ளிப்போய்த்தான் தொடங்கும். கேத்னெஸில் மரமே அபூர்வம், காற்றோ ஓய்வதில்லை. அந்தப் பூமியில் இருபது முப்பது மீட்டர் ஏற்றம் கூடினால்கூட அக்கரைக் குடியிருப்பு வரை கேட்குமா கேட்காதா என்பது அதில் தீர்ந்துவிடும்.

ஸ்காட்லாந்துக் கிராமங்களில் முதல் மணி, இரண்டாம் மணி என்று அடிக்கும் பழக்கம் உண்டு. முதல் மணி தூரத்தில் இருப்பவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு. மணிக்கு நாலு கிலோமீட்டர் நடை என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் முன்னால் அடித்தால்தான் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிழவி நேரத்துக்கு வந்து உட்கார முடியும். அப்படியானால் சத்தம் குறைந்தது நாலு கிலோமீட்டராவது போயாக வேண்டும். பள்ளத்துச் சர்ச்சில் தொங்கும் சின்ன மணியால் அது ஆகாது.

இதே தீர்வை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். தெற்கே திரும்பும்போது வழியில்தான், நேர்ன் பக்கம். ஆர்ட்கிளாக் மணிக்கூண்டு. ஃபிண்ட்ஹார்ன் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கின் அடியில் சர்ச், மேலே விளிம்பில் கூண்டு. இதற்கு 1655 என்று தேதிக் கல்லே இருக்கிறது. இரண்டே மாடி. கீழே சிறை, மேலே கணப்படுப்பு வைத்த காவல் அறை, சுவரில் துப்பாக்கி ஓட்டைகள், கூரை முகட்டில் மணி. கட்டியவர் லெதன் பிரபு அலெக்சாண்டர் பிரோடி என்று சொல்வார்கள். அவர் பிஷப்புகளை ஏற்காத பிரஸ்பிட்டேரியன் சபையில் தீவிரமானவர். 1645-இல் மன்னர் பக்கம் போரிட்ட மாண்ட்ரோஸின் படை அவர் நிலத்தைச் சூறையாடியிருந்தது. அப்படிப் பட்டவர் மணி கட்டும்போதே காவலையும் சேர்த்துக் கட்டினதில் ஆச்சரியமில்லை. உயரம் தேவைப்பட்டது ஒலிக்கு. உயரம் கிடைத்ததும் கண்ணுக்கும் பயன்பட்டது. லாதரனில் அந்தப் போர்க்கோலம் கிடையாது. அது மணிக்காக மட்டுமே நிற்கும் கட்டடம். எனக்கு அதனாலேயே லாதரன் மேல் கூடுதல் பிரியம்.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த வீடுகளைப் பார்க்கும்போது உனக்குப் பிடிபடாது. 1790-களிலிருந்து அங்கே பள்ளத்தாக்கு நிலங்களை ஆட்டுப் பண்ணைக்காகக் காலி செய்தார்கள். லாங்வெல், ஊஸ்டேல் பக்கத்துக் குடும்பங்கள் பாட்பே என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குத் தள்ளப்பட்டன. காற்று அடித்துக் கடலில் தள்ளிவிடாமல் இருக்க ஆட்டையும் கோழியையும், பிள்ளைகளையும்கூட, கயிற்றால் கட்டி வைத்தார்கள் என்பது அந்த ஊர் நினைவு. 1911-இல் எழுப்பிய நினைவுத்தூணும் இடிந்த சுவர்களும் இன்றும் இருக்கின்றன; ஏ-9 ஓரத்திலிருந்து நடந்தே போகலாம், இதுவும் லாதரன் பங்குதான். கடலோரத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த நிலம் வேண்டுமென்றே வயிற்றுக்குப் போதாத அளவு. மிச்ச வயிற்றுக்கு ஹெரிங் மீன் பிடிக்கப் போனார்கள். லைப்ஸ்டர், டன்பீத், லாதரன்வீல் துறைமுகங்கள் அப்படித்தான் நிறைந்தன.

அப்போதெல்லாம் நிலத்துக்காரன் நினைத்தால் வெளியேற்றலாம். வீட்டைக் கட்டியது குடியானவன், ஆனால் வெளியேறும்போது ஒரு காசு கிடைக்காது. மரம் கிடைக்காத ஊராகையால் கூரைச் சட்டங்களைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு போவார்கள். 1883-இல் நேப்பியர் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைத்து, 1886-இல் கிராஃப்டர் சட்டம் வந்தது. கேத்னெஸ் உள்பட ஏழு மாவட்டங்களில் குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, நியாய வாடகையைக் கமிஷன் நிர்ணயிக்கும், அவன் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு உண்டு, குத்தகையை வாரிசுக்கு விடலாம். இந்த நாலும் வந்த பிறகுதான் ஜனங்கள் துணிந்து கல் வீடு கட்டினார்கள், ஜன்னல் வைத்தார்கள். 1976-இல் ஆண்டு வாடகையின் 15 மடங்கு கொடுத்து நிலத்தை வாங்கும் உரிமையும் வந்தது. உரிமைக்குக் கடமையும் உண்டு: கிராஃப்டர் நிலத்திலிருந்து 32 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும், தரிசாகப் போட்டுவிடக் கூடாது. ஆர்ட்கிளாக் இருக்கும் நேர்ன் மாவட்டம் 1886-இன் ஏழில் இல்லை. 2010-இல்தான் அந்தப் பகுதியும் சேர்க்கப்பட்டது.

நீ கேட்ட மற்ற விஷயம், இப்படிப்பட்ட தனிக் கூண்டுகளில் என்ன கெட்டுப்போகும், எப்படிச் சரிசெய்வது என்பது. உங்கள் ஊர்ச் சர்ச் கமிட்டியில் பழைய மணியைப் பற்றிப் பேச்சு வந்திருப்பதால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் மணி. மணி வெண்கலத்தில் நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 77 சதம், செம்பு. மிச்சம் ஈயமல்ல, வெள்ளீயம். வெள்ளீயம் அவ்வளவு இருப்பதால்தான் நாதம், அதனாலேயேதான் கண்ணாடிபோல் விரிசல் விடும் குணமும். வாய் 18 அங்குலம் என்றால் எடை 60-70 கிலோ வரும், 24 அங்குலம் என்றால் 150 கிலோ பக்கம். விட்டம் கொஞ்சம் கூடினாலும் எடை அதன் கனமடங்கில் ஏறும், தூக்கும் ஏற்பாட்டை அதற்குத் தகுந்தபடி செய்யச் சொல்.

விரிசலுக்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். பழைய மணிகளில் நாக்கு, அதாவது உள்ளிருந்து மணியை அடிக்கும் தண்டு, தொங்கும் இரும்புக் கொக்கியை உச்சியில் வார்ப்போடு சேர்த்தே பதித்திருப்பார்கள். அந்த இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருமனாகி, உள்ளிருந்து உச்சியைப் பிளக்கும். வெளியே நூல் போன்ற கோடு தெரிவதற்கு முன்பே சத்தம் மங்கிவிடும். அந்தக் கொக்கியைத் துளைபோட்டு முழுவதுமாக எடுத்துவிட்டு, வெண்கலத்தைத் தொடாதபடி தனியாக மாட்டும் கொக்கி போட வேண்டும். இரண்டாவது, நாக்கு நூறு வருஷமாக ஒரே இடத்தில் அடித்து அங்கே பள்ளம் விழுந்திருக்கும், நாக்கின் உருண்டையும் தட்டையாகியிருக்கும். விளிம்பின் கனத்தை அடிபடும் இடத்திலும் அடிபடாத இடத்திலும் காலிப்பரால் அளக்கச் சொல். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மணியைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் போதும். புது இடத்தில் அடி விழும்.

மூன்றாவதுதான் மோசம். மணியை ஆட்டும் சக்கரமோ நெம்புகோலோ இறுகிப் போனதும், சோம்பல் பட்டுக் கயிற்றை நேராக நாக்கிலேயே கட்டி இழுத்து அடிப்பது. மணி ஆடி அடிபடும்போது நாக்கு தொட்டவுடனே விலகிவிடும். கயிற்றால் இழுத்தால் அது அதிர்ந்துகொண்டிருக்கும் உலோகத்தின்மேல் ஒரு நொடியின் சின்னப் பங்கு அழுந்தி நிற்கும். அந்த அழுத்தத்தில் நல்ல மணிகூட உடைந்திருக்கிறது. உங்கள் கமிட்டியில் யாராவது இந்த யோசனையைச் சொன்னால் அங்கேயே தடுத்துவிடு. விரிசல் விட்டுவிட்டால் சாதாரண வெல்டரிடம் கொடுக்கக் கூடாது. மணி முழுவதையும் சூடேற்றி, மெல்ல மெல்ல ஆறவிட்டு வெல்டிங் செய்யும் பட்டறைகள் தனி; இடத்தை மட்டும் சூடாக்கினால் விரிசல் பக்கத்தில் ஓடும். பச்சைக் களிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வேண்டாம், அது மணிக்குக் காப்பு.

கயிறு சணலாக இருந்தால் ஈரத்தில் சுருங்கும், வெயிலில் தளரும். இறுக்கிக் கட்டி வைத்துவிட்டுப் போனால் மழையிரவில் தானாக மணியை இழுக்கும். தொய்வு விட்டுத்தான் கட்ட வேண்டும். பலகையில் கயிறு இறங்கும் ஓட்டையைக் கட்டை வளையம் வைத்து மழுங்கலாக்காவிட்டால் அறுந்து போகும்.

அடுத்தது சுவர். கேத்னெஸில் கிடைப்பது படிவப் பாறை, அடுக்கடுக்காகப் பலகைபோல் பிளக்கும். அதனாலேயே அங்கே வயல் வேலிகூட நிறுத்தி வைத்த கல்பலகைகளால்தான். இந்தக் கல்லைப் படுத்தபடி வைத்துக் கட்டினால் நூற்றாண்டுகள் நிற்கும். அழகுக்காக அடுக்கை வெளிப்பக்கம் காட்டி நிறுத்தி வைத்தால் உறைபனியில் தோல் தோலாக உரிந்துவிடும். கூண்டின் மூலைக் கற்களைப் பார்க்கும்போது இதைக் கவனி.

கல்லை விடச் சுவரைக் கெடுப்பது சிமெண்ட். இருபதாம் நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடேயே பல கூண்டுகளில் கல்லுக்குக் கல் உள்ள இணைப்புகளைச் சிமெண்டால் பூசி அடைத்துவிட்டார்கள். சிமெண்ட் சுருங்கி ஓரத்தில் மயிரிழை விடும். கடல்காற்று மழையை அதற்குள் அடித்து ஏற்றும். வெளியேற வழி இல்லாமல் நீர் கல்லுக்குள் தங்கும். குளிரில் உறைந்து கல்லின் முகத்தைத் தள்ளும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், தேய்ந்தால் அதுதான் தேயும், கல் தப்பும்.

செய்முறை உனக்குப் புதிதாக இருக்காது, ஆனால் வித்தியாசம் இருக்கிறது. சிமெண்டைச் சுத்தியலும் உளியும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். கிரைண்டர் போட்டால் கல்லின் ஓரம் சேர்ந்து போகும். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி நனைத்து, பெரிய இடைவெளியில் சின்னக் கல் சில்லுகளை அடித்து ஏற்றி, அப்புறம் சாந்து. நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒன்றுக்கு, பரு மணலும் பொடி மணலும் கலந்த கூர்மணல் இரண்டரை. மண் கலந்த மணல் கூடாது. நம் ஊரில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிக் கட்டும்போது நமக்குள்ள பயம், சாந்து சீக்கிரம் காய்ந்து பொரிந்துவிடுமே என்பது. அங்கே பயம் தலைகீழ்: குளிரில் இறுகவே இறுகாது. வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வேலை செய்யக் கூடாது, ஆகஸ்ட் முடிந்த பிறகு தொடங்கவே கூடாது. இறுகாத சாந்தில் அக்டோபர் பனி பட்டால் வசந்தத்தில் அவல்போல் உதிரும். மேயிலும்கூட நனைந்த சாக்கைத் தொங்கவிட்டுக் காற்றைத் தடுப்பார்கள், ஏனென்றால் அந்தக் காற்று ஒரே மணி நேரத்தில் மேற்பரப்பை மட்டும் உலர்த்தி உள்ளே பச்சையாக விட்டுவிடும்.

மூன்றாவது தொல்லை ஜாக்டா. காக்கை இனத்தில் சிறியது. மணித் திறப்பு வழியாகச் சுள்ளியைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பருவத்தில் மணியே ஆடாத அளவு கூண்டு அடைந்துவிடும். எச்சம் ஈரத்தைப் பிடித்துக் கட்டையை மக்கவைக்கும். 25 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையைத் திறப்பின் உள்பக்கம் மாட்டினால் தீர்ந்தது, காற்றோட்டமும் கெடாது. ஆனால் கூடு கட்டும் மார்ச் முதல் ஜூலை வரை கைவைக்கக் கூடாது. வௌவால் தங்கியிருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும், அங்கே சட்டம் கடுமை.

நீ போகும்போது இன்னொன்றையும் பார்த்துவிடு. டன்பீத் பக்கம் லெய்ட்ஹே என்ற பழைய கிராஃப்ட் வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வீடு, தொழுவம் எல்லாம் ஒரே நீளக் கூரையின் கீழ். அதன் பக்கத்துக் களஞ்சியத்தின் கூரைச் சட்டங்களை அண்ணாந்து பார். ஒரு நீள மரமும் கிடைக்காமல் சிறுசிறு துண்டுகளை இணைத்து வளைவு செய்திருக்கிறார்கள். கூரை மரத்தைச் சுமந்துகொண்டு போனார்கள் என்று மேலே எழுதினேனே, அது எதனால் என்று அங்கே நின்றால் புரியும்.

நடப்பது பற்றி: 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் யாரும் வெளிநிலத்தில் பொறுப்போடு நடக்கலாம். ஆனால் நீ போகிற மே மாதம் குட்டி ஆடுகள் தாயோடு இருக்கும் காலம். எந்தக் கேட்டையும் எப்படி இருந்ததோ அப்படியே விடு, மூடியிருந்தால் மூடு. வெட்டாத புல்வயலில் குறுக்கே நடக்காதே, அது அவர்களுடைய பனிக்காலத் தீவனம். மாப்பிள்ளை வீட்டு நாயைக் கூட்டிப் போவதாக இருந்தால் கயிறு கழுத்தைவிட்டு இறங்கக் கூடாது. ஈரப்புல் சரிவு வழுக்கும், செருப்போடு ஏறாதே. கூண்டுக்கு மேலே போனதும் சர்ச்சைத் தேடிக் கீழே பார்க்காமல், முதலில் தெற்கேயும் வடக்கேயும் வீடுகளை எண்ணு. எத்தனை வீடு கண்ணுக்குத் தெரிகிறதோ ஏறக்குறைய அத்தனை வீட்டுக்கு மணி கேட்டிருக்கும்.

உங்கள் சர்ச் மணியின் வாய் விட்டம், விளிம்புக் கனம் அடிபடும் இடத்திலும் அடிபடாத இடத்திலும், கொக்கி வார்ப்பில் பதித்ததா மாட்டியதா, இந்த மூன்றையும் அடுத்த கடிதத்தில் எழுது. உச்சியை உள்ளிருந்து டார்ச் அடித்து ஒரு படமும் எடுத்து அனுப்பு. அதுவரை கமிட்டியைக் கயிற்றைத் தொட விடாதே.

அன்புடன்,
ராகவன்